பகைவன் கூடாரத்தில் ஒரு தந்தை

கிரேக்கரின் பழங்கதைகளில் போருக்கும் வீரத்திற்கும் குறைவில்லை. ஆயினும் அவற்றுள் தலைசிறந்ததாகப் போற்றப்படும் ஹோமரின் இலியட் காப்பியம் வெற்றி முழக்கத்தோடு நிறைவுறுவதில்லை. முதிய தந்தை ஒருவர் தம் மகனுக்கு ஈமக்கடன் செய்து முடிப்பதோடு அது நிறைவுறுகிறது. டிராய் நகரை வீழ்த்திய மரக்குதிரையின் கதையும் அதில் சொல்லப்படவில்லை. 24 காண்டங்களும் 15,000-க்கும் மேற்பட்ட அடிகளும் கொண்ட அக்காப்பியத்தின் முதற்சொல் ‘சினம்’ என்பதே. அச்சினம் எவ்வாறு தணிந்தது என்பதைக் கூறுவது அதன் கடைசிக் காண்டம்.

டிராய் இளவரசன் பாரிஸ், கிரேக்க அரசன் ஒருவனின் மனைவியான ஹெலனைத் தன் நாட்டுக்குக் கொண்டு சென்றதால் மூண்ட போர் அது. பத்தாவது ஆண்டிலும் அது ஓயவில்லை. கிரேக்கர் பக்கம் நின்ற மாவீரன் அக்கிலீஸ், கடல் தேவதையான தீட்டிஸுக்கும் பீலியஸ் என்ற மானிட அரசருக்கும் பிறந்தவன். டிராய் நகரைக் காத்து நின்றவன் மன்னர் பிரையாமின் மூத்த மகனான ஹெக்டர். அக்கிலீஸின் உயிர்த்தோழன் பாட்ரோகுளஸ் ஹெக்டரின் கையால் மடிந்தான். அந்தத் துயரம் அக்கிலீஸின் நெஞ்சில் தீயாய் மூண்டது. அவன் ஹெக்டரைக் கொன்றான். கொன்ற பின்பும் சினம் ஆறவில்லை. உயிரற்ற உடலைத் தேரில் கட்டி, பாட்ரோகுளஸின் சமாதியைச் சுற்றி நாள்தோறும் மூன்று முறை இழுத்து வந்து, புழுதியில் முகங்குப்புறக் கிடத்தினான்.

உரிய சடங்கு பெறாத உயிர், மறுவுலகின் வாயிலைக் கடக்க இயலாமல் அலையும் என்பது பழங்கிரேக்கரின் நம்பிக்கை. இதனை அக்கிலீஸும் அறிவான். பாட்ரோகுளஸே அவன் கனவில் தோன்றி, தனக்கு விரைந்து ஈமக்கடன் செய்யுமாறு வேண்டியிருந்தான். தோழனுக்குச் செய்த அக்கடனைப் பகைவனுக்கு மறுத்ததுதான் அக்கிலீஸின் பிழை.

தெய்வங்கள் இதனைக் கண்டன. அப்பல்லோ தன் பொற்கவசத்தால் போர்த்தி, ஹெக்டரின் உடல் சிதையாமல் காத்தான். பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் தேவர் சபையில் அவன் எழுந்து முறையிட்டான். உடன்பிறந்தாரையும் பெற்ற மக்களையும் இழந்தவர்கள்கூட ஒருநாள் அழுது ஓய்ந்து அமைதி கொள்கின்றனர். அக்கிலீஸோ இரக்கத்தையே துறந்துவிட்டான் என்றான். தேவியின் மகனான அக்கிலீஸையும் வெறும் மானிடனான ஹெக்டரையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது என்று ஹீரா தேவி சீறினாள். தேவர் தலைவனான ஜீயஸ் இருவருக்கும் பொதுவாகத் தீர்ப்பளித்தான். ஹெக்டர் தன் பீடத்தில் படையலையும் வழிபாட்டையும் ஒருபோதும் தவறவிட்டதில்லை என்பதை அவன் நினைவுகூர்ந்தான்.

ஹெக்டரின் உடலை ஹெர்மிஸ் என்ற தேவன் மறைவாகக் கவர்ந்து வந்துவிடலாம் என்று தெய்வங்களுள் சில கருதின. ஜீயஸ் அதற்கு இசையவில்லை. அக்கிலீஸ் தானாக மனமிரங்கி, பெற்றவரிடம் உரிய மரியாதையோடு ஒப்படைக்க வேண்டும் என்பதே அவனுடைய முடிவு. தெய்வம் நினைத்திருந்தால் ஒரு நொடியில் முடித்திருக்கக்கூடிய செயல் அது. ஆனால் உடல் மீள்வது மட்டும் போதாது. கல்லாய் இறுகிய ஓர் உள்ளமும் கரைய வேண்டியிருந்தது. எனவே தீட்டிஸ் மகனிடம் அனுப்பப்பட்டாள். வானவில்லின் தேவதையான ஐரிஸ் பிரையாமிடம் அனுப்பப்பட்டாள்.

பிரையாமுக்கு ஐம்பது புதல்வர்கள். அவர்களுள் பலரைப் போர் கொண்டுபோயிற்று. ஹெக்டர் மாண்டது முதல் அவர் உண்ணவில்லை, உறங்கவில்லை. பகைவன் பாசறைக்குத் தனியே செல்லப் போவதாக அவர் கூறியபோது அரசி ஹெகுபா அலறினாள். அவரோ, மகனைக் கைகளில் ஏந்தி அழுத பின் உயிர் போனாலும் போகட்டும் என்றார். ஆடைகளும் பத்துத் தாலந்து பொன்னும் வண்டியில் ஏற்றப்பட்டன. இரவில் ஒரு பணியாளனோடு புறப்பட்ட முதியவருக்கு, இளைஞன் உருவில் ஹெர்மிஸ் வழித்துணையாக வந்தான். காவலர்களை உறக்கத்தில் ஆழ்த்தி, கூடாரம் வரை கொண்டுபோய் விட்டதோடு தெய்வம் விலகிக்கொண்டது. வாயிலைக் கடந்து உள்ளே செல்ல வேண்டியவர் தந்தை ஒருவரே.

பிரையாம் நேரே சென்று அக்கிலீஸின் முழங்கால்களைப் பற்றினார். தம் புதல்வர்கள் பலரைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிட்டார். கொண்டுவந்த பொன்னைப் பற்றி அவர் முதலில் பேசவில்லை. அக்கிலீஸின் தந்தையும் தம்மைப் போல் முதுமையின் வாசலில் நிற்பவர், மகன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையிலேயே நாட்களைக் கடத்துபவர் என்பதை எடுத்துரைத்தார். தமக்கு அந்த நம்பிக்கையும் இல்லை என்றார்.

அக்கிலீஸ் தன் மரணம் நெருங்கிவிட்டதை அறிந்தவன். பீலியஸுக்கு அவன் ஒரே மகன். அந்த முதியவரை இனிக் காணப்போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். முதியவரின் கையை மெல்ல விலக்கினான். ஒருவர் மகனுக்காகவும் மற்றவன் தந்தைக்காகவும் தோழனுக்காகவும் அழுத ஒலி அக்கூடாரத்தை நிறைத்தது. பின்னர் அக்கிலீஸ் அவரைக் கைதூக்கி எழுப்பினான்.

அவனது சினம் முற்றிலும் அடங்கிவிட்டதாக ஹோமர் காட்டவில்லை. மகனின் உடல் கிடக்கும்போது அமரமாட்டேன் என்று பிரையாம் மறுத்ததும் அவன் கண்கள் மீண்டும் சிவந்தன. அந்நிலையைக் கண்டு, தன்னைத் தானே அஞ்சினான். உடலைத் தந்தையின் பார்வைக்கு அப்பால் வைத்து நீராட்டி எண்ணெய் பூசுமாறு பணித்தான். புழுதி படிந்த மகனைக் கண்டு முதியவர் கொதித்தெழுந்தால், தானும் நிலைதவறி அவரைக் கொன்றுவிடக் கூடும் என்பதே காரணம். பிறகு, தானே உடலைத் தூக்கிப் பாடையில் கிடத்தினான். துயரில் இருப்பவரும் உணவை மறுக்கலாகாது என்று கூறி, பிரையாமுக்கு உணவளித்தான். ஈமக்கடனுக்கு எத்தனை நாட்கள் வேண்டும் என்று கேட்டு, பதினொரு நாட்கள் போரை நிறுத்தி வைப்பதாக வாக்களித்தான்.

இராவணன் வீழ்ந்தபின் அவனுக்கு ஈமக்கடன் செய்ய விபீடணன் தயங்கியதையும், பகைமை மரணத்தோடு முடிந்தது என்று உணர்த்தி இராமபிரான் அக்கடனைச் செய்வித்ததையும் வால்மீகி இராமாயணம் அறிந்தோர் அறிவர். இராமபிரானிடம் தயக்கம் இல்லை. அக்கிலீஸ் அந்த நிலையை வந்தடையப் பன்னிரண்டு நாட்களும் ஒரு முதியவரின் கண்ணீரும் தேவைப்பட்டன.

டிராய் மக்கள் ஒன்பது நாட்கள் விறகு சேர்த்தனர். பத்தாம் நாள் சிதைக்குத் தீ மூட்டினர். மறுநாள் காலையில் மதுவை ஊற்றித் தணலை அவித்து, சகோதரர்களும் தோழர்களும் கண்ணீரோடு எலும்புகளைச் சேகரித்தனர். அவற்றைப் பொற்பேழையில் இட்டு, மெல்லிய செந்நிற ஆடையால் சுற்றிக் குழியில் வைத்து, மேலே கல் அடுக்கி மேடு எழுப்பினர். சஞ்சயனச் சடங்கை அறிந்த குடும்பங்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

பிரையாமின் செயல் டிராய் நகரைக் காக்கவில்லை. அக்கிலீஸும் விரைவில் மாண்டான். நகரம் எரிந்த நாளில் ஜீயஸின் பலிபீடத்தருகே பிரையாமும் கொல்லப்பட்டதாகப் பிற்கால நூல்கள் கூறுகின்றன. அவரிடம் படைவலிமை இல்லை, உடல்வலிமையும் இல்லை. முதுமையும் பிள்ளைப்பாசமும் மட்டுமே அவருடன் சென்றன. பத்தாண்டுப் போரால் அசைக்க முடியாத ஒருவனை அவை ஓர் இரவில் அசைத்தன. மகனுக்குச் செய்ய வேண்டிய கடனைத் தந்தை குறைவின்றிச் செய்து முடித்தார். அதுவரை இரு படைகளின் ஆயுதங்களும் உறங்கின.