எஸ்.இ.ஹிண்டன்: வயது என்னும் அளவுகோலின் போதாமை

அமெரிக்க இளையோர் புனைவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1967ஆம் ஆண்டைத் திருப்புமுனையாகக் கொள்வர். அவ்வாண்டில் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்ட ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலின் ஆசிரியர் எஸ்.இ.ஹிண்டன், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 1948இல் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோதே, பதினைந்து, பதினாறு வயதில் அந்நாவலை எழுதினார். இச்செய்தி அவர்தம் பெயரோடு பிரிக்கவியலாதவாறு ஒட்டிக்கொண்டது. நாவலின் வலிமைக்கு ஆசிரியரின் இளமையே காரணம் என்று கூறுவதும் வழக்கமாயிற்று. அக்காரணம் போதுமானதன்று.

இளமையே காரணமாயின், அது நீங்கியபின் எழுத்தின் ஆற்றலும் குன்றியிருத்தல் வேண்டும். ஆனால், முப்பது வயதைக் கடந்தபின் 1979இல் வெளிவந்த ‘டெக்ஸ்’, கட்டுக்கோப்பில் முதல் நாவலை விஞ்சி நிற்கிறது. எனவே ஹிண்டனின் சாதனையை எடுத்துரைப்பு முறையிலேயே தேட வேண்டும். ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலின் கதைசொல்லி போனிபாய், பெற்றோரை இழந்து அண்ணன்மாரோடு வாழும் பதினான்கு வயதுச் சிறுவன். ஏழை, செல்வர் குழுக்களின் மோதலில் நண்பர்களை இழந்த அவன், தன் ஆங்கில வகுப்புக்காக எழுதும் கட்டுரையே நாம் படித்த கதை என்பது இறுதியில் புலனாகிறது. தோற்றத்தைக் கொண்டு குற்றவாளிகளாக மதிப்பிடப்படும் சிறுவர்களுக்காக அளிக்கப்படும் சாட்சியமாக அக்கட்டுரை அமைகிறது. கதைசொல்லியின் அறிவெல்லையை மீறி எந்த மூத்தோர் குரலும் வந்து விளக்கம் தருவதில்லை. இது வயதால் வாய்த்த வெகுளித்தனமன்று, தேர்ந்துகொண்ட உத்தி.

குறைகளும் உள. பெண் எழுதியது என்பதற்காக ஆண் மதிப்புரையாளர்கள் புறந்தள்ளக்கூடும் என்று பதிப்பகத்தார் கருதியதால், சூசன் எலோயிஸ் என்னும் பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கியது. அவருடைய ஐந்து இளையோர் நாவல்களிலும் தலைமை மாந்தர் ஆண்களே. பெண் மாந்தர் பெரும்பாலும் விளிம்பிலேயே நிற்கின்றனர். இளையோர் புனைவுக்குப் புதுவழி காட்டியவரின் படைப்புலகில் பெண்பிள்ளைகளின் அகவாழ்வுக்கு இடம் குறைந்தமை மறைக்கத்தக்கதன்று.

இந்நூலை நிலைநிறுத்தியதில் ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. கலிஃபோர்னியாவின் பள்ளி நூலகர் ஒருவரும் மாணவர்களும் எழுதிய கடிதமே, பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா 1983இல் இதனைத் திரைப்படமாக்கக் காரணமாயிற்று. இளையோர் எழுத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது 1988இல் முதன்முதலாக ஹிண்டனுக்கே வழங்கப்பட்டது. அதேவேளை, 1990களில் அமெரிக்க நூலகங்களில் மிகுதியாக எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலிலும் ‘தி அவுட்சைடர்ஸ்’ இடம்பெற்றது. இளையோர் எதைப் படிக்கலாம் என்பதில் மூத்தோரே இருவேறாகப் பிரிந்து நின்றதை இது காட்டும்.

இளையோர் புனைவைப் ‘பெரிய’ இலக்கியத்துக்குச் செல்லும் படிக்கட்டாகக் கருதும் திறனாய்வு, ஆசிரியரின் வயதையும் நூலின் பயனையும் பேசி அமைந்துவிடுகிறது. யார் சொல்கிறார், எவ்வளவு அறிந்து சொல்கிறார், யாரை நோக்கிச் சொல்கிறார் என்னும் வினாக்கள் எந்தப் புனைவுக்கும் உரியவை. அவற்றை ஹிண்டனிடமும் எழுப்புவதே அவருக்குச் செய்யும் நியாயமாகும். அவருடைய குறைகளை ஒளிக்காமல் பேசுவதற்கும் அதுவே வழி.