எழுத்துக்கு அறை வேண்டுமா, ஆயுள் வேண்டுமா?

நின்றுபோன ஒரு சிற்றிதழின் கதைகளைத் தொகுக்கலாம் என்று நண்பர்கள் சிலர் முனைந்தோம். இதழை நடத்தியவர் மறுப்பேதும் சொல்லாமல், தட்டச்சு செய்த உரைக்கோப்புகள் அடங்கிய குறுவட்டு ஒன்றைத் தேடியெடுத்துக் கொடுத்தார். கோப்புகள் பழுதின்றித் திறந்தன. ஆனால் திரையில் தமிழ் இல்லை. ரோமன் எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் வரிவரியாக நின்றன. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள் என்பது ஆசிரியருக்கு நினைவில்லை. தட்டச்சு செய்தவர் இப்போது எங்கிருக்கிறார் என்பதும் தெரியவில்லை. ஊகித்து ஊகித்துச் சில பக்கங்களை அவிழ்த்தோம். பல எழுத்துருக்கள் கலந்து கிடந்ததால் எஞ்சியவை பிடிபடவில்லை. கடைசியில் ஒரு வாசகரின் பரணிலிருந்து அச்சுப் பிரதிகளைக் கொண்டுவந்து எழுத்தெழுத்தாக மறுபடியும் தட்டச்சு செய்தோம். அச்சுப் பிரதி கிடைக்காத இதழ்களின் கதைகள் அந்தக் குறுவட்டில்தான் இருக்கின்றன, இருந்தும் இல்லை.

கணினிக்கு எழுத்து தெரியாது; எண் தெரியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாட்டுக்குப் பெயர் குறியேற்றம். தமிழில் இந்த உடன்பாடு பற்றிய சண்டை கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. அதில் இரண்டு தரப்புகள். ஒருங்குறி தமிழுக்கு இழைக்கப்பட்ட அநீதி, 247 எழுத்துகளுக்கும் தனித்தனி அறை வேண்டும் என்பது முதல் தரப்பு. இது பொறியாளர் சமாசாரம், எழுத்தாளனுக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்கி நிற்பது இரண்டாம் தரப்பு. முன்னது உரக்கப் பேசுகிறது. பின்னது பேசுவதே இல்லை. இரண்டும் பிழை என்பதும், இரண்டாவதே பெரும்பிழை என்பதும் நம் கருத்து.

முதல் தரப்பின் குறைகளில் நியாயம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பு வந்தபோது, இந்திய மொழிகளின் அட்டவணைகள் இஸ்கி என்ற இந்தியத் தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றி அமைந்தன. தேவநாகரி அச்சில் தமிழ் வார்க்கப்பட்டது. தேவநாகரிக் ககரத்தின் எண்ணோடு 640ஐக் கூட்டினால் தமிழ்க் ககரத்தின் எண் வந்துவிடும். 128 இடங்கள் கொண்ட தமிழ்ப் பகுதியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று இடங்கள் காலி. தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளுக்காகப் போட்ட நாற்காலிகள் அவை. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் ளகரத்தை அடுத்தும் உட்கார வைக்கப்பட்டன. ஆய்தத்தின் அதிகாரபூர்வப் பெயர் விசர்க்கம் என்று பதிவாயிற்று. ழகரத்தின் பெயரோ எல் என்னும் ரோமன் எழுத்தை மும்முறை அடுக்கி, பின்னால் ஓர் ஏ சேர்த்த விநோதம். ஒருமுறை ஏறிய எழுத்தின் இடமும் பெயரும் பிறகு மாறா என்பது ஒருங்குறியின் நிலைப்பு விதி. ஆகவே இப்பிழைகள் அப்படியே நிற்கும். தமிழ் மரபைக் கேட்டுச் செய்திருந்தால் இவை நேர்ந்திரா.

ஆனால் இங்கிருந்து '247 அறைகள்' என்ற கோரிக்கைக்குத் தாவுவது வேறு விஷயம். அதற்குச் சொல்லப்படும் தலையாய காரணம் இலக்கணம். க் என்ற மெய்யை ஒருங்குறி ககரம், புள்ளி என இரண்டு எண்களால் எழுதுகிறது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்க வேண்டியிருக்க, இங்கே உயிர்மெய்யிலிருந்து மெய் பிறக்கிறது. இது தொல்காப்பியருக்கு எதிரானது என்கிறார்கள். எழுத்ததிகாரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறார்களா? ஒலியாகிய எழுத்து வேறு, வரிவடிவாகிய எழுத்து வேறு என்ற தெளிவு நூன்மரபிலேயே இருக்கிறது. ஒலிநிலையில் மெய்யோடு அகரம் கூடி உயிர்மெய் ஆகிறது. வரிவடிவிலோ மெய்யின் இயல்பு புள்ளி பெற்று நிற்பது. புள்ளி நீங்கிய உருவே அகரம் ஏறிய உயிர்மெய். பிற உயிர்கள் ஏறுகையில் அவ்வுரு திரிகிறது. ஒருங்குறி பதிவு செய்வது இந்த இரண்டாவது முறையை. தேவநாகரியைப் பார்த்துச் செய்த அமைப்பு தொல்காப்பியர் சொன்ன வரிவடிவ விதியோடு இந்த இடத்தில் பொருந்தியது தற்செயலாக இருக்கலாம், பொருந்தியது உண்மை. மேலும், எழுத்து முப்பது, சார்ந்து வருவன மூன்று என்றே தொல்காப்பியம் கணக்கிடுகிறது. நன்னூலார் 216 உயிர்மெய்களையும் சார்பெழுத்தில் வைக்கிறார். 247 என்பது முதலையும் சார்பையும் சேர்த்துக் கூட்டிய தொகை. அத்தனைக்கும் தனியறை கேட்பவர்கள் இலக்கணத்தின் பெயரால் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் அட்டவணைக்காக வாதாடுகிறார்கள்.

கணினித் துறையில் எழுத்தைக் குறிக்கும் கேரக்டர் என்ற ஆங்கிலச் சொல், கணிதத்தில் முற்றிலும் வேறான ஒன்றையும் குறிக்கிறது. பெயரொற்றுமையைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. எனினும் அந்தக் கணிதக் கேரக்டரிடம் நம் சண்டைக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு சதுரத்தைத் திருப்பியும் புரட்டியும் மீண்டும் அதே இடத்தில் பொருத்த எட்டு வழிகள் உண்டு. அவ்வெட்டும் சேர்ந்தது ஒரு முடிவுறு குலம். குலத்தின் ஒவ்வோர் உறுப்பையும், பெருக்கல் முறை குலையாதபடி, எண்களாலான ஓர் அணியாக எழுதி, அவ்வணியின் மூலைவிட்ட எண்களைக் கூட்டினால் கிடைக்கும் எண்வரிசையே கேரக்டர். முடிவுறு குலங்களுக்கு இதை ஃபுரோபீனியஸ் 1896இல் வகுத்தார். இப்படி எண்ணற்ற கேரக்டர்களை உண்டாக்கலாம். ஆனால் மேற்கொண்டு பகுக்க முடியாதவை மிகச் சில. சதுரத்தின் குலத்துக்கு ஐந்தே ஐந்து. ஏனையவை அனைத்தும் இவற்றின் கூட்டல்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகையில்தான் பகுபடும். அட்டவணையில் ஏறுபவை பகாதவை மட்டுமே. மான்ஸ்டர் என்று கணிதர்கள் அழைக்கும் குலத்தின் உறுப்புகளை எண்ணிச் சொல்ல 54 இலக்க எண் தேவை. அதன் கேரக்டர் அட்டவணை 194 வரிசைகளில் முடிந்துவிடுகிறது. கூட்டுக் கேரக்டர்களுக்கு ஏன் தனி வரிசை தரவில்லை, இது அவமதிப்பல்லவா என்று கணிதர் எவரும் வழக்காடுவதில்லை. ஐயமின்றிப் பகுபடும், பிழையின்றிக் கூடும் என்றால் தனி வரிசைக்குத் தேவை இல்லை. 'கொ' என்ற எழுத்துக்கும் அவ்வளவே தேவை.

அங்கேயே இன்னொரு பாடமும் உண்டு. ஹாமில்டன் கண்ட குவாட்டர்னியன் அலகுகள் எட்டும் சேர்ந்து மற்றொரு குலம் ஆகின்றன. அதன் கேரக்டர் அட்டவணையும் சதுரத்தின் அட்டவணையும் ஓர் எண்கூடப் பிசகாமல் ஒன்றே. ஆனால் குலங்கள் ஒன்றல்ல. இருமுறை செய்தால் தொடங்கிய இடத்துக்கே மீட்டுவிடும் உறுப்புகள், ஒன்றும் செய்யாத உறுப்பு நீங்கலாக, முன்னதில் ஐந்து, பின்னதில் ஒன்று. அட்டவணை பொருளைப் பற்றி நிறையச் சொல்லும், அதுவே பொருளாகிவிடாது. தமிழின் மானம் 128 கட்டங்களுக்குள் அடங்கியிருப்பதாகக் கருதுவோர் இதைச் சற்று யோசிக்கலாம்.

எண்ணும் உருவும் வெவ்வேறாக இருப்பது நமக்கு நன்மையே என்பதற்குச் சான்று நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1935இல் பெரியார் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. துதிக்கை போட்ட லையும் ளையும் ணையும் னையும் போயின. ஒருங்குறியில் 'லை' என்பது லகரமும் ஐகாரக் குறியும். அதைத் துதிக்கையோடு காட்டுவதா, இன்றைய உருவில் காட்டுவதா என்பதை எழுத்துரு தீர்மானிக்கும். கோப்பிலுள்ள எண்கள் மாறா. பழைய உருவை விரும்புகிறவர் அதற்கான எழுத்துருவை இட்டுக்கொண்டால் போதும். நாளை இன்னொரு சீர்திருத்தம் வந்தாலும் நம் நூல்கள் அதைத் தாங்கும்.

தனியறைக்காரர்கள் முன்வைத்த மாற்று டேஸ்16. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியோடு சேர்த்து அதையும் தரமாக அறிவித்தது. அது குடியிருப்பது எங்கே? ஒருங்குறிக்குள்ளேயே, தனிப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய பகுதியில். அங்குள்ள எண்களுக்கு உலகம் ஒப்பிய பொருள் கிடையாது. யாரும் எதையும் வைத்துக்கொள்ளலாம். உரிய எழுத்துரு இல்லாத கைபேசிக்கு அக்கோப்பை அனுப்பினால் வெற்றுக் கட்டங்களே தெரியும். சொந்த வீடு கேட்டவர்கள் பட்டா இல்லாத புறம்போக்கில் குடிசை போட்டது போன்றது இது. இடம் மிச்சமாகும் என்றார்கள். பெரியதொரு நாவலின் உரை முழுவதும் சில மெகாபைட்டுகளைத் தாண்டாத நிலையில் இந்த மிச்சத்தை வைத்து என்ன செய்வது? அகரவரிசை கெடுகிறது என்றார்கள். ஆங்கிலத்திலும் எண் வரிசைப்படி பெரிய இசட் சிறிய ஏவுக்கு முன்னே நிற்கிறது. அதனால் ஆங்கில அகராதிகள் குலைந்துவிடவில்லை. வரிசைப்படுத்தும் விதிகள் தனியே எழுதப்படுகின்றன, தமிழுக்கும் எழுதப்பட்டிருக்கின்றன.

உண்மையான கேடு எங்கே நடந்தது என்று இனிப் பார்ப்போம். எட்டு பிட்டுகளில் 256 இடங்களே கிடைத்த காலத்தில், ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஓர் அட்டவணை வைத்துக்கொண்டது. ரோமன் எழுத்தின் எண்ணிலேயே தமிழ் உருவை வரைந்தார்கள். ஈழத்தவரிடையே பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால், கோப்பில் ஏறுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அச்சில் அழகான தமிழ். கோப்பில் தமிழே இல்லை. எழுத்துரு தொலைந்த அன்று நூலும் தொலைந்தது.

இந்தக் கேட்டைத் தவிர்க்கும் வழியும் அக்காலத்திலேயே தெரிந்திருந்தது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சலில் கூடிப் பேசி டிஸ்கியை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்ற குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது. இவற்றுள் எது மேல் என்பது இன்று தேவையற்ற கேள்வி. இவற்றின் அட்டவணைகள் எல்லோர் பார்வைக்கும் கிடைத்தன என்பதே முக்கியம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கியில் ஏற்றிய நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவர முடிந்தது அதனால்தான். அட்டவணையைப் பூட்டி வைத்தவர்களை நம்பிய நூல்கள் அட்டவணையோடு போயின.

இலக்கியவாதிகளின் பொறுப்பு இங்கேதான் வருகிறது. ஓர் ஒற்று மிகுந்ததா குறைந்ததா என்று நாட்கணக்கில் வாதிடுகிறவர்கள் நாம். நம் நாவல் பதிப்பகத்துக் கணினியில் எந்தக் குறியேற்றத்தில் கிடக்கிறது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? 2010இன் இறுதியில் கிரந்த எழுத்துகளை ஒருங்குறியில் சேர்ப்பது பற்றிய முன்மொழிவுகள் சர்ச்சையானபோது அறிக்கைகள் பறந்தன. 2014இல் கிரந்தம் தனக்கெனத் தனிப் பகுதி பெற்று ஒருங்குறியில் ஏறியது. தமிழ்ப் பகுதி தமிழ்ப் பகுதியாகவே நீடிக்கிறது. அன்றைய கொதிப்பில் சிறு பங்கு நம் இதழ்களின் பழைய கோப்புகள் மீது திரும்பியிருந்தால் எத்தனையோ கதைகள் பிழைத்திருக்கும். பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கிவிட்டோமே என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. பழைய எழுத்துருவில் அமைத்த பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துப் பாருங்கள்; அதே அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் வந்து விழும். அதில் எதையும் தேட முடியாது. அது நூலின் புகைப்படம்.

ஒருங்குறியில் தட்டச்சு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நாம் சொல்லவில்லை. 'கௌ' என்பதன் வலப்பக்க உறுப்பு ளகரம் போலவே தோன்றுவதால் பலர் அங்கே ளகரத்தையே தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடும் கணினிக்கு அது வேறு சொல். ஸ்ரீ என்ற உருவை ஸகரத்தைக் கொண்டும், 2005இல் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் எழுத முடிகிறது. இத்தகைய பிழைகளைக் களைவது மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை. ஒற்றுப்பிழை போல இதுவும் பிழையே என்ற உணர்வு வர வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. இதழ் நடத்துகிறவர்கள் ஒவ்வோர் இதழையும் பிடிஎஃபோடு ஒருங்குறி உரையாகவும் சேமித்து, குறைந்தது இரண்டு நூலகங்களிடமேனும் ஒப்படைக்கட்டும். பழைய கோப்புகள் வைத்திருப்போர், எந்த எழுத்துருவில் அவை உருவாயின என்பதைத் தட்டச்சு செய்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைக்கட்டும். நினைவுக்கும் ஆயுள் உண்டு. எழுத்தாளர்கள் பதிப்பாளரிடம் ஒப்பந்தம் போடும்போது, மெய்ப்புத் திருத்திய இறுதி உரையின் ஒருங்குறிக் கோப்பு தமக்கு வேண்டும் என்று கேட்கட்டும். இவை எதற்கும் அரசாணை தேவையில்லை.

அந்தக் குறுவட்டு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. எழுத்துருக்களின் பெயரறிந்த எவரேனும் அகப்பட்டால் எஞ்சிய கதைகளை மீட்டுவிடலாம் என்று காத்திருக்கிறோம். இன்று வெளியாகும் இதழ்களுக்காக இன்னொரு தலைமுறை இப்படிக் காத்துக் கிடக்க நேர்ந்தால், அதற்கு ஒருங்குறிச் சேர்த்தியத்தைக் குறைசொல்ல நமக்கு வாய் இராது.