கம்மியில் எவ்வளவு கம்மி?

திருவனந்தபுரத்தின் விழிஞ்ஞம் துறையில் சூரை மீன் ஏலம் போகிறது. அதே ஊரின் கரமனை அக்ரகாரத்திலோ மீன் வாசனையே ஆகாது. இந்த இரண்டு பக்கத்துப் பெண்களும் இன்று ஜிம்மில் அடுத்தடுத்து நின்று டம்பெல் தூக்குகிறார்கள். இருவர் கைபேசியிலும் ஒரே விளம்பரம்: ஸ்ட்ராபெரி சுவையில் கிரியேட்டின் கம்மி, அதாவது மெல்லும் மிட்டாய். மென்றால் போதுமாம், தசைக்கு வலு வந்துவிடுமாம்.

கிரியேட்டின் புதுச் சரக்கல்ல. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தது. கிரேக்கத்தில் இறைச்சிக்கான சொல்லே இதற்குப் பெயரானது. எடையைச் சட்டென்று தூக்கும் முதல் சில நொடிகளுக்குத் தசை இதைத்தான் நம்பியிருக்கிறது. நம் உடலே நாளுக்குச் சுமார் ஒரு கிராம் தயாரித்துக்கொள்ளும். ஒரு கிலோ பச்சை மீனில் ஏறக்குறைய 4 கிராம் இருக்கும். ஆகவே கால் கிலோ சூரை சாப்பிட்டால் ஒரு கிராம். சாம்பாரும் தயிரும் சாப்பிட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சைவ உணவுக்காரர்களின் தசையில் இருப்பு குறைவு என்பதால், தனியாக எடுத்துக்கொள்ளும்போது அவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரிவதுண்டு.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை ஒட்டித்தான் இதன் புகழ் பரவியது. கிரியேட்டின் எடுத்தவர்களாக அன்று செய்தியில் அடிபட்ட பெயர்களில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற சாலி கன்னலும் ஒருவர். தொடக்கத்திலேயே ஒரு பெண் இருந்தும், பல ஆண்டுகள் அது ஆண்களின் டப்பாவாகவே ஜிம் அலமாரியில் கிடந்தது.

இப்போது பெண்களைத் தேடி மிட்டாய் வடிவில் வருகிறது. இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். வழக்கமான அளவு நாளுக்கு 3 முதல் 5 கிராம். பொடி என்றால் ஒரு சிறு கரண்டி. ஒரு கம்மியில் ஒரு கிராம் என்று போட்டிருந்தால், தினமும் மூன்று முதல் ஐந்து வரை மெல்ல வேண்டும். பலவற்றில் சர்க்கரையும் சேர்ந்தே உள்ளே போகும்.

போட்டிருக்கும் அளவு உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த சங்கதி. ஈரம், புளிப்பு, சூடு மூன்றும் கிரியேட்டினுக்கு ஆகாதவை, கிரியேட்டினினாகச் சிதைந்துவிடும். மிட்டாய் காய்ச்சும் பாத்திரத்தில் மூன்றுமே உண்டு. அமெரிக்காவில் கம்மிகளைச் சோதித்தபோது சிலவற்றில் சொன்ன அளவில் சொற்பமே மிஞ்சியிருந்தது. தமிழில் புழங்கும் 'கம்மி' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

சரியான அளவே போனாலும் அதிசயம் நடக்காது. கனடாவில் மாதவிடாய் நின்ற 237 பெண்களிடம் இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. எல்லோரும் எடைப் பயிற்சியும் நடையும் செய்தார்கள். கிரியேட்டின் எடுத்தவர்களுக்கு எலும்பின் அடர்த்தி கூடவில்லை. நடை வேகம் கொஞ்சம் தேறியது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களும் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிரியேட்டினின் அளவு ஏறித் தெரிந்து வீண் கலவரமாகும்.

கரமனைக்காரர்களுக்கு இன்னொரு தகவல். கடையில் விற்கும் கிரியேட்டின் ஆலையில் வேதிப்பொருள்களைக் கொண்டு செய்வது; அதில் இறைச்சி கிடையாது. ஆனால் கம்மியை இறுக வைக்கும் ஜெலட்டின், மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து வருவது. ஜெலட்டினுக்குப் பதில் தாவரப் பெக்டின் சேர்த்த சைவக் கம்மி என்றால் டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கும்.