கேட்காமல் வரும் கம்ப்யூட்டர் உதவி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஆண்ட்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான். எங்கள் தாயில்பட்டியிலும் இதே கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் முன் நான் வேறொன்றைச் சொல்லிவிடுவேன். எந்த ஆண்ட்டி வைரஸும் தடுக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு. அது போன் வழியாக வருகிறது.

"மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் இருந்து பேசுகிறோம். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்திருப்பது எங்கள் சர்வரில் தெரிகிறது. உடனே சரி செய்யாவிட்டால் பைல்கள் எல்லாம் அழிந்துவிடும்." பேச்சு மரியாதையாகவே தொடங்கும். அடுத்து எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற புரோகிராம் ஒன்றை இறக்கிக்கொள்ளச் சொல்வார்கள். இவை தொலைவில் இருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் நல்ல புரோகிராம்கள்தான். ஆனால் முன்பின் தெரியாதவருக்கு அந்த அனுமதியைத் தருவது, வீட்டுச் சாவியோடு பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்பதற்குச் சமம்.

நம்ப வைக்க அவர்கள் காட்டும் "ஆதாரம்" என்ன தெரியுமா? ஈவண்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள். அதில் சிவப்பு, மஞ்சள் அடையாளங்களுடன் எரர் செய்திகள் வரிசையாக நிற்கும். புதியவர்கள் பயந்துவிடுவார்கள். நீங்களே இன்று ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் ஈவண்ட் வியூவர் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள கம்ப்யூட்டரிலும் இத்தகைய செய்திகள் இருக்கும். அது விண்டோஸ் எழுதி வைக்கும் நாட்குறிப்பு. நோய்ச் சான்றிதழ் அல்ல. சிலர் ஒரு நீண்ட எண்ணை வாசித்துக் காட்டி, "இது உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரிய எண்" என்பார்கள். அந்த எண் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பொதுவாகவே இருப்பது.

இது நேற்று தொடங்கிய மோசடி அல்ல. அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் 2012 அக்டோபரிலேயே இத்தகைய கும்பல்கள் மீது ஆறு வழக்குகளை அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவில் இருந்து இயங்கியவை என்பது நமக்குத் தலைகுனிவு. 2023 அக்டோபரில் சி.பி.ஐ., ஆபரேஷன் சக்ரா 2 என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அமேசான், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் தந்த புகார்களும் அதில் அடங்கும். எனவே, "இது வெளிநாட்டுக்காரர்களின் பிரச்னை, ஆங்கிலத்தில் பேசினால் கண்டுபிடித்துவிடலாம்" என்று இருந்துவிட வேண்டாம்.

பிறர் பெயரில் ஏமாற்றுவது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. ஆன்லைனில் பட்டாசு விற்க 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பிறகும் சிவகாசி விலை என்று ஆசை காட்டிப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் தீபாவளி நேரத்தில் தலைகாட்டின. 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு இது பற்றி எச்சரித்தது. அங்கே சிவகாசியின் பெயர், இங்கே மைக்ரோசாப்ட்டின் பெயர். இரண்டிலும் நல்ல பெயர்தான் தூண்டில்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நாம் கூப்பிட்டு வருவதுதான் உதவி. கேட்காமல் வருவது உதவி அல்ல. இந்த ஒன்றை மனதில் வைத்தால் போதும். உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு என்று மைக்ரோசாப்ட் தானாக யாரையும் போனில் அழைப்பதில்லை. அதன் எரர் செய்திகளில் போன் எண்ணும் இருக்காது. திரை முழுவதும் எச்சரிக்கை வந்து ஓர் எண்ணை அழைக்கச் சொன்னால் அது போலி. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒன்றாக அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து மூடிவிடுங்கள். உண்மையாகவே உதவி தேவைப்பட்டால் பில்லிலோ, பெட்டியிலோ உள்ள எண்ணை அழையுங்கள். இணையத்தில் தேடினால் போலி எண்களும் கிடைக்கும்.

இவர்களிடம் வேண்டுமென்றே பேச்சை வளர்த்து, நேரத்தை வீணடித்துப் பாடம் புகட்டலாம் என்பவர்கள் உண்டு. புதியவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். பேசுவது அவர்களுக்குத் தொழில், நமக்கு அல்ல. அவர்களுடைய ஒரே ஆயுதம் அவசரப்படுத்துவது. மருந்து கலக்கும் அறையில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று தாயில்பட்டியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. போனை வைத்துவிடுங்கள். மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்ற கவலை வேண்டாம்.

ஏற்கனவே அனுமதி கொடுத்துவிட்டால்? முதலில் இண்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். உடனே வங்கியை அழைத்துக் கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் பல கணக்குகளுக்குக் கை மாறும் முன் தடுத்து நிறுத்த அதுவே வழி. பாஸ்வேர்ட்களை வேறொரு கருவியில் இருந்து மாற்றுங்கள். அவர்கள் பதியச் செய்த புரோகிராமை நீக்கி, தெரிந்த டெக்னீஷியனிடம் காட்டிய பிறகு கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள்.

இதில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஏமாந்தவர் அம்மாவாகவோ, அப்பாவாகவோ இருந்தால், "இது கூடத் தெரியாதா?" என்று தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பலர் வெளியில் சொல்லாமல் மறைக்கிறார்கள். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கு லாபம். வாரக் கூலியில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் என்றால் அந்த இழப்பு ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டுச் சேமிப்பாகக் கூட இருக்கலாம்.

கம்ப்யூட்டர் விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மவுஸ் பேட் இலவசமாகத் தருகிறீர்கள். அதோடு ஒரு சிறு ஸ்டிக்கரையும் மானிட்டரில் ஒட்டிக் கொடுங்கள். "கேட்காமல் வரும் உதவியை ஏற்காதீர்கள். ஏமாந்தால் 1930." கடைக்காரர் ஒட்டவில்லை என்றால், இன்றே நீங்களே எழுதி ஒட்டிவிடுங்கள்.