மானியம் கிடைச்சுது, கஸ்டமர் கிடைக்கல

1/
நீண்ட த்ரெட். பொறுமையா படிங்க.

என்கிட்ட பல வருஷமா சிகிச்சைக்கு வர்ற ஒரு திருநங்கை அக்கா. சர்க்கரை நோய். "மூணு வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்க, மாத்திரையை விடாதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஒருநாள் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "நேரத்துக்கு வருமானம் வந்தா நேரத்துக்குச் சாப்பிடலாம் டாக்டர்."

2/
கடை கேட்டுப் பிழைத்தவர். அரசின் சுயதொழில் மானியம் 50,000 ரூபாய் வாங்கி இட்லிக் கடை வண்டி போட்டார். கைப்பக்குவம் பிரமாதம். ஆனா 5 மாசத்துல மூடிட்டார். நிறுத்தின இடத்துலயெல்லாம் "இங்க வேண்டாம், வேற எங்கயாவது போ". இடம் மாறினா வாடிக்கையும் போயிடும்.

"மானியம் கிடைச்சுது, கஸ்டமர் கிடைக்கல" என்றார். இந்த த்ரெட் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

3/
முதல்ல நல்லதைச் சொல்லிடுவோம். திருநர்களுக்கு நலவாரியம் 2008-லேயே அமைத்த மாநிலம் நம்முடையது. அரசு மருத்துவமனையில் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை இலவசம். நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம். மாத உதவித்தொகை. இதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை. வேற மாநில டாக்டர் நண்பர்களிடம் நான் பெருமையாச் சொல்வதுண்டு.

4/
ஆனா ஒரு கேள்வி. நம்ம ஊர்ல ஒருத்தர் கடை போட்டா எப்படி ஓடுது? மாமா முன்பணம் தருவார். மச்சான் மொத்த வியாபாரியிடம் கடன் சொல்லி சரக்கு எடுத்துத் தருவார். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துல முதல் ஆர்டர். ஊர்ச் சங்கத்துல ஒரு ஆடிட்டர் அறிமுகம். பணத்துக்குப் பின்னாடி சொந்தபந்தம் நிற்கும். தொழிலைத் தாங்குறது அதுதான்.

5/
இது வரலாற்றிலும் இருக்கு. கோயிலுக்குள் விடமாட்டோம் என்று ஒதுக்கப்பட்ட நாடார் சமூகம் என்ன செய்தது? உறவின்முறை அமைத்தது. ஒவ்வொரு வியாபாரத்திலும் மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் கட்டியது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியே தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். யாரும் கதவு திறக்காதபோது, சேர்ந்து நின்று கதவு செய்தார்கள்.

6/
இப்போ யோசிங்க. பால்புதுமையினரில் பலரை முதலில் வெளியே தள்ளுவது யார்? அந்த மாமா, மச்சான், சித்தப்பாதான்! வீட்டை விட்டு வந்தவருக்கு உறவின்முறை கிடையாது. வெளியே சொல்லாமல் வாழும் தன்பாலீர்ப்பாளர்களுக்கு உறவு இருந்தும், தெரிஞ்சா போயிடுமோ என்ற பயம். அந்த இடத்தில் யார் நிற்பது? ஊர் நிற்கணும். அதாவது மாநகரம்.

7/
"இதெல்லாம் நடக்கிற காரியமா?" நடந்திருக்கு. சான்பிரான்சிஸ்கோ. 1970-களில் காஸ்ட்ரோ தெருவில் கேமரா கடை வைத்திருந்தவர் ஹார்வி மில்க். தன்பாலீர்ப்பாளர்கள் கடை திறப்பதைப் பழைய வியாபாரிகள் சங்கம் எதிர்த்தது. இவர்கள் தனிச் சங்கம் தொடங்கினார்கள். 1974-ல் தெருத் திருவிழா நடத்தி மக்களைக் கடைகளுக்கு வரவைத்தார்கள். அதே ஆண்டு அந்நகரில் கோல்டன் கேட் பிசினஸ் அசோசியேஷனும் தொடங்கியது.

8/
அடுத்து நகர நிர்வாகம் வந்தது. 1996-ல் ஒரு சட்டம்: எங்களோடு ஒப்பந்தம் போடும் நிறுவனம், ஊழியரின் கணவன் மனைவிக்குத் தரும் சலுகையை, பதிவு செய்த இணையருக்கும் தரணும். தராத கம்பெனிக்கு நகர ஒப்பந்தம் கிடைப்பது கஷ்டம். டெண்டர் போடும் அதிகாரத்தை வைத்தே பல கம்பெனிகளின் போக்கை மாற்றினார்கள்.

9/
ஒரு டாக்டரா எனக்கு முக்கியமானது வேற. 1983-ல் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே பலர் பயந்த காலத்தில், சான்பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 5பி என்ற தனி வார்டு திறந்தார்கள். நர்ஸ்கள் நோயாளியின் கையைப் பிடித்துப் பேசினார்கள். சமூக அமைப்புகளின் தன்னார்வலர்கள் வார்டுக்குள்ளேயே இருந்தார்கள். மருத்துவமனை, நகரம், சமூகம் மூன்றும் சேர்ந்த அந்த முறையை உலகமே படித்தது. ஏற்கெனவே கூடிப் பழகிய ஒரு சமூகம் இருந்ததால்தான் அது முடிந்தது.

10/
நமக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம்ம சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். கூட்டு மருந்து தினமும் விடாமல் எடுத்தால் வைரஸை அடக்கலாம், முழு ஆயுள் வாழலாம். ஆனா "விடாமல்" என்ற சொல்லுக்குள் வாடகை, சாப்பாடு, தூக்கம், துணை எல்லாம் இருக்கு. இதை நான் மருந்துச் சீட்டில் எழுத முடியாது.

11/
சரி, சென்னை மாநகரம் என்ன செய்யலாம்? நாலு விஷயம்.

ஒண்ணு, இடம். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் பெண்கள், பட்டியலினத்தவர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகளுக்குப் பிரதிநிதித்துவம் உண்டு. திருநர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. குழுவில் ஒரு நாற்காலி கொடுத்தாலே "வேற எங்கயாவது போ" என்பதற்கு பதில் கிடைக்கும்.

12/
ரெண்டு, ஆர்டர். 2013-ல் அம்மா உணவகத்தை மகளிர் சுய உதவிக் குழுக்களை நம்பித்தான் இதே மாநகராட்சி தொடங்கியது. செய்யத் தெரியாத வேலை இல்லை. கூட்டங்களுக்கு டீ, டிபன், சீருடை தையல், துணிப்பை என்று சின்னச் சின்ன கொள்முதலில் ஒரு பங்கு ஒதுக்கினால் போதும்.

13/
மூணு, அறிமுகம். மாசம் ஒருநாள் சமூக நலக்கூடத்தைக் கொடுங்க. ஒரு வங்கி மேலாளர், ஒரு ஆடிட்டர், உணவு உரிமம், ஜிஎஸ்டி பற்றிச் சொல்ல ஒருவர். 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகமே தெளிவாச் சொல்லிடுச்சு: பால்புதுமையினர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவோ, இணையரை நாமினியாப் போடவோ தடையில்லை என்று. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

நாலு, ரகசியம். வருபவரிடம் "நீ யார்" என்று சான்று கேட்காதீங்க. கேட்டால், பயத்தில் இருப்பவர் வரவே மாட்டார்.

14/
"அவங்களுக்கு மட்டும் ஏன் சலுகை? நாங்களும் கஷ்டப்படுறோமே?" நியாயமான கேள்வி. நீங்க கஷ்டப்படுறீங்க, உண்மை. ஆனா உங்க வண்டியை நீங்க ஆணா பெண்ணா என்பதற்காக யாரும் தள்ளிவிடுவதில்லை. மத்தவங்களுக்குப் பிறக்கும்போதே கிடைப்பதைத்தான் இங்கே கேட்கிறோம்.

15/
"டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?" எங்களுக்குக் கடன் இருக்கு. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது மருத்துவம்தான். உலக சுகாதார நிறுவனம் 1990-ல்தான் நீக்கியது. "மாத்திக் காட்டுறோம்" என்று செய்யும் சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று இங்கே 2022-ல்தான் தேசிய மருத்துவ ஆணையம் சொன்னது, அதுவும் சென்னை உயர்நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு. அதுவரை எத்தனை பேரை உடைத்தோம்?

16/
அந்த அக்கா கதைக்கு வர்றேன். என் கிளினிக் வெயிட்டிங் ஹாலில் பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒருவர் சின்ன அலுவலகம் நடத்துறார். பேச்சு வாக்கில் அறிமுகம். இப்போ தினமும் 30 பேருக்குக் காலை டிபன் அக்கா கையால். போன முறை மூணு மாசச் சராசரி சர்க்கரை 10.4-லிருந்து 7.6. நான் ஒரு மாத்திரையும் புதுசா எழுதல. இருந்ததையே நேரத்துக்குச் சாப்பிட்டாங்க, அவ்வளவுதான்.

17/
அது தற்செயல். எல்லாருக்கும் என் வெயிட்டிங் ஹால் வாய்க்காது. அதை ஏற்பாடா மாற்றுவதுதான் மாநகரத்தின் வேலை.

நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. அடுத்த விசேஷத்துக்குப் பூவோ, பலகாரமோ, தையலோ ஒரு ஆர்டர் அவங்ககிட்ட கொடுங்க. தானம் வேண்டாம். பேரம் பேசுங்க, ருசி சரியில்லன்னா சொல்லுங்க. நல்லா இருந்தா நாலு பேர்கிட்ட நம்பர் கொடுங்க.