பெயரிடுமுன் மறைந்த பூ

பூவென்றால் குளத்துத் தாமரையும் கொல்லை மல்லிகையுமே நமக்கு நினைவு வரும். பேரிரைச்சலோடு வீழும் அருவியின் நடுவே, வழுக்குப் பாறைமேல் பூக்கும் செடிக்குலம் ஒன்று உண்டென்பதை நம் வாசகர்களில் பலர் அறிந்திரார். பொடோஸ்டெமேசி என்பது தாவர சாஸ்திரிகள் அதற்கிட்ட பெயர். சுமார் 300 இனங்கள் அதில் அடங்கும். பார்வைக்குப் பாசி போலவே இருக்கும்; ஆயினும் பூத்துக் காய்க்கும் செடியேயாம். மண்ணை நாடாமல், பசையினால் பாறையைப் பற்றிக்கொள்ளும். வெள்ளக் காலத்தில் நீருக்கடியில் வளரும். நீர் வடிந்து பாறை தெரிந்ததும் விரைந்து பூத்து, தூசி போன்ற விதைகளைச் சிந்தும். ஓடும் தெளிநீரின்றி அதற்கு வாழ்வில்லை. ஆதலால் சில இனங்கள் ஒரே ஆற்றில், ஏன், ஒரே அருவியில் மட்டுமே காணப்படுகின்றன.

ஆப்பிரிக்காவில் கினி தேசத்துக் கொங்கூரே ஆற்றின் அருவியில், 2018-ஆம் வருஷம் இத்தகைய செடியொன்றை அந்நாட்டுத் தாவர ஆராய்ச்சியாளர் டெனிஸ் மொல்மூ அம்மையார் கண்டெடுத்தார். 2022-இல் அவர் பெயராலேயே அது சாக்ஸிகொலெல்லா டெனிசியே என வழங்கலாயிற்று. அந்தோ! நாமகரணம் நடந்தபோது குழந்தை இல்லை. ஆற்றின் கீழ்ப்புறத்து மின்சார அணையின் நீர்த்தேக்கம் அவ்வருவியை மூழ்கடித்திருந்தது. வேறெங்கும் காணப்படாமையால், அவ்வினம் அழிந்ததென்றே சாஸ்திரிகள் கருதுகின்றனர்.

1958-இல் பிரெஞ்சு ஆட்சியினின்று விடுதலை பெற்ற தேசம் அது. அதன் வீடுகளில் விளக்கெரிய வேண்டாமா? மின்விளக்கின் கீழ் அமர்ந்து எழுதும் நாம் பிறருக்கு இருட்டை உபதேசிப்பது நியாயமன்று. ஆனால், அணைக்குக் கல் நாட்டுமுன் அருவியில் வாழ்வது யாதெனத் தேடியிருந்தால், அதனை வேறோர் அருவியில் வளர்க்கவேனும் முயன்றிருக்கலாம்.

இது அயல்நாட்டுச் சங்கதி மட்டுமன்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலும் இலங்கையிலும் இக்குலத்துச் செடிகள் உள்ளன. பேராதனைத் தோட்டத்துத் தலைவராயிருந்த வில்லிஸ் துரை 1902-இலேயே அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். ஆனைமலைச் செடியொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் ஆறுகளில் அணையெழுப்ப நினைப்போர், நீரை அளப்பதோடு பாறையையும் சற்றுக் குனிந்து பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.