பெயர் ஒருவருக்கு, வியர்வை ஒருவருக்கு



ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒரு கடையில் தொங்கும் பனியனின் லேபிளைப் பார்த்தால், நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்பது சிறிய எழுத்தில் இருக்கும். திருப்பூர் என்ற பெயர் பெரும்பாலும் இராது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் அனுப்புகிற நகரத்திற்கு, தான் தைத்த துணியில் பெயர் இல்லை.

இதன் விலை என்ன என்பதை 2025 ஆகஸ்ட் மாதம் காட்டியது. அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரின் பல நிறுவனங்களில் ஆர்டர்கள் நின்றன. வங்கதேசத்திற்கும் வியட்நாமுக்கும் வரி குறைவு என்பதால் வாங்குவோரின் பார்வை அங்கே திரும்பியது. பெயரைச் சொந்தமாக வைத்திருப்பவர் தைக்கும் ஊரை மாற்றிக்கொள்ளலாம். அவருடைய பெயருக்கு ஒன்றும் ஆகாது. ஊசியை மட்டும் சொந்தமாக வைத்திருப்பவர் எங்கே போவார்? பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தொழிலாளியும், வெளிமாநிலத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் இளைஞரும் எங்கே போவார்கள்?

“நமக்கென்று சொந்த பிராண்டுகள் வேண்டும்” என்ற குரல் அப்போது மீண்டும் எழுந்தது. அது நியாயமான குரல். கொங்கு மண்ணுக்கு அது புதிதும் அன்று. ஈரோட்டில் 1975-இல் மஞ்சள் வியாபாரத்திலிருந்து வளர்ந்த சக்தி மசாலா இன்று வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். திருப்பூரில் 1983-இல் தொடங்கிய ராம்ராஜ், பழையவர்களின் உடை என்று இளைஞர்கள் ஒதுக்கிய வேட்டியை, சல்யூட் அடித்து மரியாதை செய்யும் விளம்பரத்தால் மீண்டும் பெருமைக்குரியதாக்கியது. ஒரு நல்ல விளம்பரம் பொருளை மட்டும் விற்பதில்லை. நெசவு செய்பவருக்கு வேலையும், உடுத்துபவருக்குத் தன்மானமும் தரக்கூடும் என்பதற்கு இது நம் ஊர்ச் சான்று.

தனி நிறுவனத்தின் பெயர் தவிர, ஊருக்கே சொந்தமான பெயரும் உண்டு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டரும் பவானி ஜமக்காளமும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயர் ஒரு முதலாளியின் பெட்டகத்தில் இல்லை. அந்த ஊரில் அந்தத் தொழிலை முறையாகச் செய்யும் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. பெயரும் வியர்வையும் ஒரே இடத்தில் சேரும் வழி இது.

ஆனால் பெயரை உருவாக்கும் விதமே இன்று மாறிவிட்டது. முன்பு சுவரில் எழுதினார்கள், திரையரங்கில் சிலைடு போட்டார்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாட்டாகப் பாடினார்கள். அதில் மிகைப்படுத்தல் இருந்தது. எனினும் அது விளம்பரம் என்று குழந்தைக்கும் தெரிந்தது. இன்று அது நம் கைப்பேசிக்குள் வந்து, நண்பரைப் போலப் பேசுகிறது. நாம் எதைத் தேடினோம், எதில் நின்று பார்த்தோம் என்று கணித்து, நம் பலவீனம் அறிந்து வருகிறது. சமையல் சொல்லித்தரும் சகோதரியும், அழகுக் குறிப்பு தரும் இளம்பெண்ணும் பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறார்களா, அனுபவத்தைச் சொல்கிறார்களா என்பது பல வேளைகளில் தெரிவதில்லை.

விளம்பரத் தொழிலையே இந்த மாற்றம் புரட்டிப்போட்டுள்ளது. விளம்பரப் பணத்தின் பெரும் பகுதி இன்று கூகுள், மெட்டா, அமேசான் போன்ற சில நிறுவனங்களிடம் போய்ச் சேருகிறது. 1864-இல் நியூயார்க்கில் தோன்றிய ஜே. வால்டர் தாம்சன் நிறுவனம் உலகெங்கும் எத்தனையோ பொருட்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அது 2018-இல் வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. 2023-இல் அறிவிக்கப்பட்ட அடுத்த இணைப்பில் அந்தப் பெயரே மறைந்தது. பிறருக்குப் பெயர் தேடித் தந்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை!

சட்டமும் இந்த மாற்றத்தைப் பின்தொடர்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரை. உற்பத்தியாளருக்கு மட்டுமல்ல, விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் இது பொருந்தும். சமூக ஊடகத்தில் பணம் பெற்றுப் பேசுபவர் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் நெறிமுறை வகுத்தது. பத்துக் கட்டளைகளில் எட்டாவது கட்டளை பொய்ச் சாட்சி சொல்வதைத் தடுக்கிறது. கேமரா முன் நின்று தான் பயன்படுத்தாத பொருளைப் புகழ்பவரும் ஒரு சாட்சிதானே?

திருச்சபை விளம்பரத்தைத் தீமை என்று ஒதுக்கவில்லை. சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 1997-இல் விளம்பர ஒழுக்கநெறி பற்றி வெளியிட்ட ஏட்டில், விளம்பரத்தின் நன்மைகளை ஏற்றுக்கொண்டு மூன்று அளவுகோல்களைத் தந்தது: உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு. முதலாவதைச் சட்டம் ஓரளவு பார்த்துக்கொள்ளும். மற்ற இரண்டையும் யார் பார்ப்பது? ஒரு விளம்பரத்தில் சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கலாம். அதில் சொல்லாமல் விட்டது என்ன?

நொய்யலைக் கேளுங்கள். பாசனத்திற்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகி, விவசாயிகளின் கண்ணீருக்குக் காரணமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அந்தத் துணிகள் எந்தெந்தப் பெயர்களில் விற்றனவோ, அந்த விளம்பரங்களில் நொய்யல் இல்லை. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இடிபாடுகளுக்குள் உலகப் புகழ்பெற்ற பெயர்களின் லேபிள்கள் கிடைத்தன. அடுத்த வாரமே, தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அத்தொழிலாளர் பெற்ற அற்பக் கூலியைக் குறிப்பிட்டு, அதை அடிமை வேலை என்றே சொன்னார். வேலைக்காரருக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு எழுதிய வார்த்தை (யாக் 5:4) பழைய காலத்து வயலுக்கு மட்டும் உரியதா?

பெயரைப் பொறுப்பேற்க வைக்க முடியும் என்பதற்கும் நம் அருகிலேயே சான்று உண்டு. 2021-இல் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதன்பின் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்று விடாது போராடியது. ஆலையில் பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுப்பதற்கான ஒப்பந்தத்தில் 2022-இல் எச் அண்ட் எம் என்ற உலக நிறுவனமும் கையெழுத்திட்டது. லேபிளில் இருக்கும் பெயர், தையல் எந்திரத்தின் முன் இருக்கும் பெண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வந்தது.

செபமாலை அன்னையைத் தேடிக் கருமத்தம்பட்டி செல்லும் நாம் விசைத்தறிகளின் சத்தத்தைக் கேட்டபடிதான் போகிறோம். அந்த வட்டாரத்திலும் சோமனூரிலும் கூலிக்கு நெய்பவர்கள் 2025-இலும் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தினார்கள். அவர்கள் நெய்யும் துணியிலும் அவர்கள் பெயர் இல்லை.

நாம் என்ன செய்யலாம்? விளம்பரம் பொய் என்று தெரிந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பிள்ளைகளோடு அமர்ந்து, “இவர் ஏன் இதைப் புகழ்கிறார்?” என்று கேட்கப் பழக்கலாம். தொழில் நடத்தும் நம் சகோதரர்கள், விளம்பரத்திற்குக் கணக்குப் போடும் முன் கூலிக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் கணக்குப் போடலாம். பங்குத் திருவிழா நோட்டீசிலும் பிளக்ஸ் பலகையிலும் நன்கொடையாளர் பெயர் பெரிதாக வருகிறது. அந்தப் பணம் எப்படி ஈட்டப்பட்டது என்று பங்குப் பேரவை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

திரண்ட செல்வத்தைவிட நற்பெயரே மேல் என்கிறது நீதிமொழிகள் நூல் (22:1). விளம்பரத்தால் வாங்கும் பெயரை இன்னும் அதிகம் செலவிடுபவர் பறித்துக்கொள்வார். உழைப்பாளிக்கு உரியதைக் கொடுத்து, நீரையும் நிலத்தையும் காத்து ஈட்டும் பெயரோ ஆண்டவர் முன் நிற்கும். அடுத்த முறை ஒரு துணியைக் கையில் எடுக்கும்போது, அதில் எழுதப்படாத பெயர்களுக்காகவும் ஒரு கணம் செபிப்போம்; அவர்களுக்கு நீதி கிடைக்க நம்மால் ஆனதைச் செய்வோம்.